காருக்குள் மழைநீர் வருகிறதா? ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

காருக்குள் மழைநீர் ஒழுகுகிறது என்று சொன்னால் போதும், 'ஒரு சிலிகான் ட்யூப் வாங்கிச் சுற்றிலும் பூசிவிடுங்கள்' என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். அந்த ட்யூப் இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும்.

கார் தண்ணீர் புகவே முடியாத பெட்டி அல்ல. முன்கண்ணாடிக்குக் கீழேயும் கதவுகளுக்குள்ளேயும் மழைநீர் இறங்கத்தான் செய்யும். இறங்கியது வெளியேற வழிகளும் விட்டிருப்பார்கள். அந்த வழிகளில் ஒன்று அடைபட்டால் தண்ணீர் நம் காலடிக்கு வருகிறது. ஆகவே பல கார்களில் நாம் செய்ய வேண்டியது ஓட்டையை மூடுவது அல்ல, அடைப்பை எடுப்பது. தெரியாமல் சிலிகான் பூசினால் வடிகால் துளையையே மூடிவிடும் ஆபத்தும் உண்டு.

முதலில், அது மழைநீர்தானா?

மழையே இல்லாத நாளில், ஏசி ஓடிய பிறகு, முன்பக்கப் பயணியின் காலடி நனைந்தால் ஏசியின் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அந்த நீர் நிறமோ மணமோ இல்லாமல் இருக்கும். விரலில் பிசுபிசுத்து, லேசான இனிப்பு மணம் வீசினால் அது கூலன்ட், மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. மழை கொட்டியது, வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அப்படி மூழ்கி எழுந்த வண்டியின் பிரச்சினை வேறு, ஒழுகும் வண்டியின் பிரச்சினை வேறு. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளங்களையும் பாருங்கள். மெல்லிய வண்டல் படிந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் போதாது.

ஈரத்தைத் தேடுங்கள்

மிதியடிகளை எடுத்துவிட்டு, கார்பெட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியிலிருக்கும் பஞ்சு ஊறிப்போயிருக்கும். நான்கு காலடிகளையும் டிக்கியையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ஈரம் இருக்கும் இடம்தான் தண்ணீர் நுழைந்த இடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிக்கியில் புகுந்த நீர், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சேலம் பக்கம் போகும்போது முன்னோக்கி ஓடி, பின்சீட்டின் காலடிக்கு வந்துவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, அதன் பிறகு சோதனையைத் தொடங்குவது நல்லது.

வைப்பருக்குக் கீழே கை வையுங்கள்

எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நிழல் என்றால் புளியமரம். அதன் இலைகள் அவ்வளவு சிறியவை என்பதால், வைப்பருக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் கிரில்லின் சந்துகளில் தாராளமாக நுழைந்துவிடும்.

பானட்டைத் திறந்து, கிரில்லின் இரண்டு ஓரங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். இலையும் செம்மண்ணும் சேர்ந்து ஊறி, கறுப்பு அடையாகப் படிந்திருக்கும். கையால் அள்ளினால் களிமண் போல வரும். சில வண்டிகளில் அதில் சின்னச் செடிகூட முளைத்திருக்கும். கீழேயிருக்கும் வடிகால் துளையை இந்த அடை மூடிவிட்டால் நீர் தேங்கி உயர்ந்து, ஏசிக்குக் காற்று எடுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கிவிடும். முன்காலடி நனைவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

அடையை வெளியே அள்ளி எடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். பிறகு ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் அது தடையின்றிக் கொட்டினால் வழி திறந்துவிட்டது.

சன்ரூஃப் உள்ள வண்டியில் கூரையின் மூலைகளிலும் இதேபோல் வடிகுழாய் உண்டு. சன்ரூஃபைத் திறந்தால் மூலையில் துளை தெரியும். அதற்குள் இரும்புக் கம்பி விட்டால் குழாய் கிழியும். கம்ப்ரசர் காற்று அடித்தால் உள்ளே இணைப்பே கழன்றுவிடலாம். தூண்டில் கடையில் கிடைக்கும் தடித்த நைலான் நரம்பு போதும். ஒகேனக்கல் பக்கம் போகிறவர்கள் மீனோடு அதையும் வாங்கி வரலாம்.

ஹோஸ் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சும் டிஷ்யூ காகிதமும் வைத்துக்கொண்டு உள்ளே உட்காரட்டும், மற்றவர் வெளியே நின்று தண்ணீர் விடட்டும். வாட்டர் சர்வீஸ் அழுத்தக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள். அந்த வேகம் கதவைச் சுற்றியிருக்கும் நல்ல ரப்பர் பீடிங்கைக்கூடத் தாண்டி நீரை உள்ளே அனுப்பி, இல்லாத ஒழுக்கைக் காட்டிவிடும். ஹோஸின் வாயிலிருந்து நீர் வெறுமனே வழிந்தால் போதும். (ஒகேனக்கல் குடிநீரை இதற்கு வீணாக்க வேண்டாம். போர்வெல் நீர் உப்புக் கறை விட்டால் துடைத்துக்கொள்ளலாம்.)

கீழிருந்து மேலாகப் போங்கள். முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கண்ணாடி விளிம்பு, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் பொறுத்திருங்கள். எடுத்த எடுப்பிலேயே கூரையில் ஊற்றினால் வண்டி முழுதும் வழிந்துவிடும், எங்கே நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகமான விளிம்புகளில் உள்பக்கம் முகப்பவுடர் தூவி வைத்தால், நீர் ஓடிய கோடு அதில் பளிச்சென்று தெரியும்.

கதவு

ரப்பர் பீடிங்கைச் சோதிப்பது எளிது. தடித்த காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். கிரானைட் லாரிகள் போகிற சாலையோரம் நிற்கும் வண்டிகளில் தூசு படிந்தே பீடிங் சரியாகப் பதியாமல் போகும். ஈரத்துணியால் துடைத்தாலே பாதிச் சிக்கல் தீரலாம்.

பீடிங் நன்றாக இருந்தும் காலடி நனைகிறதா? கதவின் அடி விளிம்பில் நீளவாட்டில் சிறிய துளைகள் இருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள். அடைபட்டிருந்தால் உள்ளே தேங்கிய நீர் குபுக்கென்று வரும்.

அடுத்தது, டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க அட்டைக்கு) பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். கதவுக்குள் வழியும் நீர் நம் பக்கம் வராமல் தடுப்பது அதுதான். ஸ்பீக்கரோ பவர் விண்டோவோ மாற்றுகிறவர்கள் அதை அவசரமாகக் கிழித்துவிட்டு, அப்படியே மூடிவிடுவது உண்டு. பேடைக் கழற்றி, தாளின் கீழ் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். கறுப்புப் பசை எங்கே பிடிவிட்டிருக்கிறதோ அங்கே விரல் உள்ளே போகும். பழைய பசையைத் துடைத்து, பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வைத்து அழுத்தி ஒட்டுங்கள். செல்லோ டேப் இங்கே நிற்காது.

மற்ற இடங்கள்

டிக்கி நனைந்தால் டெயில் லைட்டைக் கழற்றி, பின்னாலுள்ள கேஸ்கெட்டை, அதாவது நீர் புகாமல் தடுக்கும் பட்டையைப் பாருங்கள். கூரை நடுவில் கறை தெரிந்தால் ஆன்டெனாவின் அடி ரப்பரைப் பாருங்கள். ஹாரனுக்கோ ஃபாக் லைட்டுக்கோ தனியாக வயர் இழுத்திருந்தால், அது பானட்டிலிருந்து உள்ளே நுழையும் ரப்பரைக் குத்தி ஓட்டை போட்டிருக்கிறார்களா என்று அவசியம் பாருங்கள்.

சீலன்ட் தேவைப்படும் இடமும் உண்டு. ஆனால் புளித்த காடி மணம் வீசும் சாதாரண சிலிகான் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பாடி இணைப்புகளுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் கேட்டு வாங்கி, காய்ந்த பரப்பில் மட்டும் போடுங்கள்.

காய வைத்தல்

கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சு காயாமல் வேலை முடியாது. சித்திரை வெயிலில் கதவைத் திறந்து போட்டால் தருமபுரியில் காய்ந்துவிடும். ஓசூரின் ஐப்பசிக் குளிரில் மின்விசிறி இல்லாமல் நடக்காது. சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடம் காத்திருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் சார்ந்தது. பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடாமல் மெக்கானிக்கிடம் விடுவதே மேல். வாசனை டப்பா வாங்கி வைப்பதால் எதுவும் காயாது.

காய்ந்த பிறகு ஹோஸ் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். முன்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நீர் வந்தால் மட்டும் நீங்களே முயல வேண்டாம். அந்தக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை விபத்தில் உயிர் காக்கிற பகுதி. கண்ணாடிக் கடையில் அதைக் கழற்றி மீண்டும் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டியதும் எவ்வளவு நேரம் வண்டியை நகர்த்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, அதுவரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.