பீம் போடுறப்ப நான் பண்ணின தப்பு, இப்ப நீங்க பண்றது

புதுசா வெஸ்டர்ன் மியூசிக் நோட்டேஷன் எழுதுறவங்க பேப்பரைக் கொண்டு வந்து காட்டினா, என்னோட பழைய பேப்பரையே யாரோ திருப்பி நீட்டுற மாதிரி இருக்கு. பீம்னா பக்கத்துப் பக்கத்து நோட்டுகளைச் சேர்த்துக் கட்டுற தடிச்ச கோடு. அதோட சாய்வு, ஸ்டெம் (நோட்டோட நேர்க்கோடு) நீளம் எல்லாம் எழுத எழுத கைக்கு வந்துடும், விடுங்க. எதை எதோட சேர்த்துக் கட்டுறதுங்கிறதுலதான் தப்பு.

6/8-ல ரெண்டு ரெண்டா கட்டுறது

இதைப் பார்த்தா இன்னிக்கும் எனக்கு எரியும். 6/8, 3/4-னு முன்னாடி எழுதுறது டைம் சிக்னேச்சர், அதாவது தாளக் குறி. ஒரு பார்ல (தாளத்தோட ஒரு சுற்று) ஆறு க்வேவர்னா (எட்டில் ஒரு பங்கு நோட்) 3/4-லயும் ஆறுதான், 6/8-லயும் ஆறுதான், எண்ணிப் பார்த்தா கணக்கு சரியா இருக்கும், அதனாலயே தப்பு கண்ணுல படாது. 6/8-க்கு ரெண்டே பீட், மூணு மூணா கட்டணும், தகிட தகிட. 3/4-க்கு மூணு பீட், தக தக தக (அதுல ஆறையும் ஒரே பீம்ல போடுறதும் உண்டு).

ஒரு தடவை நாலு வயலினுக்கு 6/8-ல எழுதிட்டு பழக்க தோஷத்துல பூரா ரெண்டு ரெண்டா கட்டிட்டேன். ரிகர்சல்ல ரெண்டு பேர் டைம் சிக்னேச்சரை நம்பி வாசிக்கிறாங்க, மத்த ரெண்டு பேர் பீமை நம்பி மூணாவது, அஞ்சாவது நோட்ல அழுத்தம் குடுக்கிறாங்க, நான் என்னடான்னா "எண்ணி வாசிங்க"ன்னு அவங்களையே கடிச்சிட்டு இருக்கேன். முக்கால் மணி நேரம் போச்சு. கடைசியில ஒருத்தர் பேசாம பென்சிலை எடுத்து மூணு மூணா வளைச்சுக் காட்டினார், அடுத்த தடவையே நாலும் சேர்ந்துடுச்சு. வாசிக்கிறவங்க ஒவ்வொரு நோட்டா எண்ணிட்டு இருக்க மாட்டாங்க, பீட் எங்க விழுதுன்னு அவங்க கண்ணுக்குச் சொல்றது பீம்தான்.

மியூஸ்ஸ்கோர் (நோட்டேஷன் எழுதுற சாஃப்ட்வேர்) தானா கட்டிக்கும்னு சொல்லாதீங்க. நீங்க போட்ட டைம் சிக்னேச்சரை வச்சுத்தான் அது கட்டும், 6/8-க்குப் பதிலா 3/4 போட்டா தப்பை ரொம்ப அழகா கட்டித் தரும்.

4/4-ல நடுவைத் தாண்டுறது

ரெண்டாவது பீட்ல இருக்கிற பீம் மூணாவதுக்குள்ள நுழையக் கூடாது. நாலு க்வேவரை ஒண்ணா கட்டலாம், ஆனா முதல் ரெண்டு பீட்லயோ கடைசி ரெண்டு பீட்லயோ மட்டும். செமிக்வேவர் (க்வேவர்ல பாதி) கலந்தா பீட் பீட்டா பிரிச்சிடுங்க.

7/8

ஏழு க்வேவரும் 2+2+3-ஆ, 3+2+2-ஆ? முடிவு பண்ணிட்டு பீமைத் தொடுங்க.

க்ராட்செட்டுக்கு பீம்

க்ராட்செட்னா ரெண்டு க்வேவர் நீள நோட். அதுக்கு பீம் கிடையாது.

துண்டு பீம்

டாட்டட் க்வேவர் (புள்ளி வச்சது, ஒன்றரை மடங்கு நீளம்) பக்கத்துல வர்ற செமிக்வேவரோட துண்டு பீம் அந்த க்வேவரைப் பார்த்து உள்பக்கமா இருக்கணும்.

வரி இருக்கிற பாட்டு

பழைய வோக்கல் ஸ்கோர்ல அசைக்கு அசை தனித்தனி ஃப்ளாக் (ஸ்டெம் நுனியில வர்ற வால்) போட்டிருப்பாங்க. அதைப் பார்த்து காப்பி அடிக்காதீங்க, இப்ப அங்கயும் பீட்டுக்குத்தான் பீம், ஒரே அசை பல நோட்ல போனா ஸ்லர் (வளைவுக் கோடு) போட்டுக்கிட்டா போதும்.