நெல்லு வயல்ல இருந்து கெளம்புற மீத்தேன் வாயுவை கண்ணால பாக்கறது எப்படி, கம்மி பண்றது எப்படி

காத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறினா பயிருக்கு நல்லதுதானே, அதை தின்னுதானே வளருதுன்னு எங்க ஆரணி பக்கம் நெறைய பேரு கேக்கறாங்க. பாதி உண்மை. தூரு நல்லா வெடிக்கும், வேரும் பெருசாகும். மீதி பாதி மண்ணுக்குள்ள நடக்குது, அதை யாரும் பாக்கறதில்ல.

கார்பன் டை ஆக்சைடு தாராளமா கெடைச்சா இலையில இருக்கற துளைங்க முழுசா தொறக்க வேண்டிய அவசியம் இல்ல, அதனால செடி வெளிய விடற தண்ணி கொறையும், மண்ணுல ஈரம் நிக்கும், ஈரம் நின்னா உள்ள காத்து புகாது. அதோட வேரு வழியா சர்க்கரை மாதிரி சரக்கு கசிஞ்சுகினே இருக்கும், காத்து இல்லாம வாழற நுண்ணுயிருக்கு அது கல்யாண சாப்பாடு. மேட்டு நெலமா இருந்தா நைட்ரஸ் ஆக்சைடு கெளம்பும், தண்ணி கட்டின கழனின்னா மீத்தேன். 2011ல 49 ஆய்வுகளை ஒண்ணா சேத்து கணக்கு போட்டாங்க, கார்பன் டை ஆக்சைடை கூட்டி வெச்ச எடத்துல நெல்லு வயல் மீத்தேன் 43 சதவீதம், இயற்கை சதுப்பு நெல மீத்தேன் 13 சதவீதம், மேட்டு மண்ணோட நைட்ரஸ் ஆக்சைடு 19 சதவீதம் கிட்ட ஏறியிருக்கு. 100 வருஷ கணக்குல பாத்தா பூமியை சூடாக்கறதுல ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம், நைட்ரஸ் ஆக்சைடு 270க்கும் மேல. அதனால இது சின்ன விஷயம் இல்லீங்க.

மொதல்ல கண்ணால பாருங்க. ரெண்டு லிட்டர் வாட்டர் பாட்டில் நெறைய தண்ணி புடிச்சு, வாயில மண்ணெண்ணெய் ஊத்தற புனலை சொருகி, ஏரிக்கரை ஓரமா தண்ணிக்குள்ளயே தலைகீழா புடிச்சுக்குங்க, அடியில இருக்கற சேத்தை ஒரு குச்சியால கெளறுங்க. குமிழி குமிழியா ஏறி பாட்டிலுக்குள்ள போயி தண்ணியை கீழ தள்ளும். 1776ல வோல்ட்டான்னு ஒரு விஞ்ஞானி இத்தாலியில ஒரு ஏரியில கிட்டத்தட்ட இப்படித்தான் புடிச்சு மீத்தேனை கண்டுபுடிச்சாரு. பத்த வெச்சு பாக்கறேன்னு தீப்பெட்டி மட்டும் எடுக்காதீங்க.

அப்புறம் கழனியில ஒரு நெல்லு தூரை வேரோட புடுங்கி அலசிப் பாருங்க. வேரு மேல துரு புடிச்ச மாதிரி செவப்பா படிஞ்சிருந்தா வேருகிட்ட காத்து இருக்கு. கருப்பா, அழுகின முட்டை நாத்தம் வந்தா மண்ணு மூச்சு முட்டி கெடக்குது, மீத்தேன் உண்டாக இது ரொம்ப தோதான எடம்.

இதுக்கு மருந்து தண்ணியிலதான் இருக்கு. கரண்ட் வந்ததும் மோட்டாரை போட்டு விடறதை நிறுத்தணும். நாலு இஞ்ச் பிவிசி பைப்பை ஒரு அடிக்கு அறுத்து, கீழ் பாதியில சுத்தியும் ஓட்டை போட்டு, அந்த அரை அடியை மண்ணுக்குள்ள எறக்குங்க, பைப்புக்குள்ள இருக்கற மண்ணை கையால வாரி எடுத்துடுங்க. நட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிக்கலாம், களை ஜாஸ்தின்னா இன்னும் ஒரு வாரம் பொறுங்க. பைப்புல தண்ணி மண்ணு மட்டத்துக்கு கீழ அரை அடி எறங்கினப்புறம் ரெண்டு இஞ்ச் ஒசரத்துக்கு கட்டினா போதும். போன நவரையில கழனி லேசா வெடிப்பு விட்டதும் எங்கம்மா பதறிகினு மோட்டார் ரூமுக்கே ஓடிட்டாங்க, கூட்டிகினு வந்து பைப்புல டார்ச் அடிச்சு காட்டினேன், உள்ள நாலு விரக்கடை தண்ணி பளபளன்னு நிக்குது. அதுக்கப்புறம் தெனமும் அவங்களே குனிஞ்சு பாக்கறாங்க. பூ எடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்து ஒரு வாரம் பின்னாடி வரைக்கும் மட்டும் காய விடாதீங்க, பதராயிடும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற முறை இது, தண்ணியில 30 சதவீதம் வரை மிச்சம், மீத்தேன் பாதிக்கு கிட்ட கொறையும்.

ஆனா இப்படி காய விட்டு காய விட்டு தண்ணி கட்டினா நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் ஏறும், அங்கதான் யூரியாவுல கவனம் வேணும். ஒரே தடவையா வீசாம பிரிச்சு போடுங்க, தண்ணி கட்டறதுக்கு சட்டுனு முன்னாடி மண்ணு மேல போட்டு உடனே தண்ணி விட்டா உரம் உள்ள எறங்கும். இலையோட பச்சையை ஒப்பிட்டு பாக்கற இலை வண்ண அட்டையை வெச்சு பாத்தா பச்சையா இருக்கற பயிருக்கு தேவையில்லாம கொட்ட மாட்டோம்.

அறுத்த தாளை நடவுக்கு ரெண்டு நாள் முன்னாடி மடக்கி உழறது மீத்தேனுக்கு தீனி போடற வேலை, ஒரு மாசம் முன்னாடியே உழுதுட்டா பெரும்பாலும் காத்துலயே மக்கிடும்.

பாலாத்து ஓரம் தோல் ஷாப்பு தண்ணி எறங்கி உப்பான கழனி வெச்சிருக்கறவங்க இந்த காய விடற முறைக்கு போகாதீங்க, காய காய வேருகிட்ட உப்பு கெட்டியாகி பயிரு கருகிடும், மொதல்ல மண்ணையும் போர் தண்ணியையும் டெஸ்ட்டுக்கு குடுத்து உப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சுகினு அப்புறம் பைப்பை எறக்குங்க.