பிள்ளைகளோடு நகரத் தோட்டம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

சென்னை மாதிரி ஊரில் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கும் தோட்டங்கள் பெரும்பாலும் பூச்சியால் அழிவதில்லை. 'இன்னைக்கு யார் தண்ணி ஊத்துறது?' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டு, யாருமே பதில் போடாத வாரத்தில்தான் காயத் தொடங்குகின்றன.

இதற்கு வித்து தொடக்க நாளிலேயே விழுந்துவிடுகிறது. பேனர், தொப்பி, சிறப்பு விருந்தினர், கூட்டமாய்ப் பிள்ளைகள். நட்டுவிட்டுப் போட்டோ எடுத்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் முதல் குழாயைப் பிடிப்பவர் வாட்ச்மேன்தான். கூட்டம் வேண்டாம், பத்துப் பேர் போதும். செடி வளர்க்கும் பைகளை ஆளுக்கு நாலைந்து என்று பிரித்து, பையிலேயே பெயர் எழுதிவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் முறையை இரண்டிரண்டு பேராக வைத்தால், ஒருவனுக்கு டியூஷன் இருந்தாலும் இன்னொருவன் பார்த்துக்கொள்வான்.

அடுத்தது, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு: பள்ளிக் காலண்டரைப் பார்க்காமல் விதைப்பது. பொங்கல் கழிந்ததும் உற்சாகமாக ஆரம்பிப்பார்கள். காய்க்கிற நேரத்தில் பொதுத்தேர்வு வரும், அப்புறம் எல்லோரும் பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள், மே மாதம் கத்திரி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஜூனில் பள்ளி திறந்ததும் குழுவைக் கூட்டி, பைகளை நிரப்பி, ஆடிப்பட்டத்தில் விதைப்பதே தோது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் பைகளின் அடியில் உள்ள ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிப்ரவரியோடு பருவத்தை முடித்துக்கொள்ளலாம். கோடையில் மண்ணின் மேல் காய்ந்த சருகைப் போட்டு மூடி ஓய்வு கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பயிர்த் தேர்விலும் சறுக்குகிறார்கள். எடுத்த எடுப்பில் தக்காளி, காலிஃபிளவர் என்று போனால் பதினைந்து வயதுப் பிள்ளை மூன்று மாதம் காத்திருக்க மாட்டான். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை 45 நாளுக்கு மேல் காய்க்கத் தொடங்கும். கீரை விதை பொடிசு. கையில் அள்ளித் தூவினால் ஒரே இடத்தில் கொத்தாய் விழும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் தெளித்து, பூவாளியால் தண்ணீர் விட வேண்டும். ஓரமாகக் கொஞ்சம் ரவையோ நொய்யோ போட்டு வைத்தால் எறும்பு அதை இழுத்துக்கொண்டு போகும், விதை தப்பும். பிள்ளைகளுக்கு இந்த ரவை வித்தை ரொம்பப் பிடிக்கும்.

தென்னைநார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் கொட்டுவது இன்னொரு வழக்கம். அதில் உப்பு இருக்கும். செம்பழுப்பு நீர் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் இலை ஓரம் கருகும். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரை 'வீணாகப் போகிறதே' என்று செடிக்குத் திருப்பிவிடுவதும் அதே வம்புதான். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மொட்டை மாடி என்றால் நனைந்த பையின் கனத்தை மறக்காதீர்கள். மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, செங்கல் மேல் வையுங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அங்கே பிள்ளைகளை ஏற்றவே கூடாது. பொது இடம் என்றால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்போர் சங்க நிர்வாகம் மாறினால் வாய்ப்பேச்சு நிற்காது.

கடைசியாக, அறுவடை. முதல் கீரைக் கட்டு சங்கத் தலைவர் வீட்டுக்கும், இரண்டாவது செயலாளர் வீட்டுக்கும் போனால் மூன்றாவது கட்டைப் பறிக்க யாரும் வரமாட்டார்கள். வளர்த்தவர் எடுத்துக்கொண்டு போகட்டும். மிஞ்சியதை விற்றால் கணக்கு நோட்டும் காசும் பிள்ளைகளிடமே இருக்கட்டும். அடுத்த பட்டத்துக்கு என்ன விதை வாங்குவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஸ்ட்ராபெரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு பையில் போட்டுப் பார்க்க விடுங்கள்.