லைப்ரரி வாசல்ல புத்தகம் பரப்பி வைக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா சேர்ந்த நூலகர்கள், வாசகர் வட்டத்துல இருந்து உதவிக்கு வர்ற பசங்கன்னு இப்ப நிறைய பேர் கிளை நூலக வாசல்ல டிஸ்ப்ளே வைக்கிறாங்க, பரிந்துரை அட்டை எழுதுறாங்க. ஆர்வத்துக்கு குறைச்சலே இல்ல, ஆனா நாங்க சேர்ந்த காலத்துல பண்ணிட்டிருந்த அதே தப்புங்கதான் திரும்பத் திரும்ப வருது. தூசி தட்டுங்க, எழுத்துப்பிழை பாருங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

கண்ணாடி பீரோவுல வெச்சுப் பூட்டுறது

இத நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வருது. நவம்பர் 14-ல இருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம் வரும்ல, அப்ப ஒரு கிளைக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தேன். நுழைஞ்ச உடனே கண்ணாடி பீரோ, உள்ள நல்ல நல்ல புத்தகமா பொறுக்கி அடுக்கிட்டு, மேல ‘காட்சிக்கு மட்டும்’னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டியிருந்தாங்க. பொண்ண பேச்சுப் போட்டிக்கு கூட்டிட்டு வந்த ஒருத்தர், நகத்துல கிரீஸ் கறையோட, அந்த பீரோ முன்னாடியே நின்னுட்டாரு. உள்ள மோட்டார் காயில் கட்டுறத பத்தி படம் போட்ட தமிழ்ப் புத்தகம் ஒண்ணு இருந்துச்சு. “இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா, கார்டு போட என்னங்க வேணும்”னு கேட்டாரு. கவுண்ட்டர்ல இருந்த தம்பி, “அது டிஸ்ப்ளே புக்குண்ணா, வாரம் முடியட்டும் வாங்க”ன்னுட்டாரு. சாவி வெச்சிருந்தவர் வேற லீவு. அவர் சரிங்கன்னு பொண்ண கூட்டிட்டு கிளம்பிட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு அந்த தம்பிகிட்ட விசாரிச்சேன், அவர் திரும்ப வரவே இல்லையாம். கார்டு போடத் தயாரா நின்ன ஒரு ஆள நாமளே அனுப்பிட்டோம், அந்தப் புத்தகம் அதுக்கப்புறமும் பொங்கல் வரைக்கும் பீரோவுக்குள்ளயே கிடந்துச்சு.

சீர்காழியில பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகம் எப்படி நடக்கணும்னு 1931-ல வெளியிட்ட அஞ்சு விதியில முதல் விதியே புத்தகம் பயன்படுத்துறதுக்குத்தான்ங்கிறது. ஐரோப்பாவுல ஒரு காலத்துல புத்தகத்த சங்கிலி போட்டு கட்டி வெச்சிருந்தாங்கன்னு அதுலயே சொல்றாரு. அவர் பிறந்தநாள வெச்சு ஆகஸ்ட் 12-ல நூலகர் தினம் கொண்டாடிட்டு, நாமளே பீரோவுக்கு பூட்டு போட்டா என்ன அர்த்தம்?

பூட்டுறதுக்குக் காரணம் பயம், அது எனக்குப் புரியுது. இருப்பு சரிபார்க்குறப்ப ஒண்ணு குறைஞ்சாலும் நம்ம தலையிலதான் விடியும். அதுக்கு வழி இருக்கு. கவுண்ட்டர்ல உக்காந்தா கண்ணுல படுற இடத்துல ஒரு மேஜை போடுங்க, செட்டா இருக்குற விலை கூடுன புத்தகத்த அதுல வைக்காதீங்க, வெச்சதோட அக்சஷன் நம்பர (ஒவ்வொரு புத்தகத்துக்கும் நூலகம் போடுற பதிவு எண்) ஒரு தாள்ல எழுதி கவுண்ட்டர்லயே வெச்சுக்கோங்க, சாயங்காலம் மூடுறப்ப ஒரு தடவ சரிபாருங்க, அவ்வளவுதான். அந்தத் தாள் இருந்தா, ரேக்குல தேடிட்டு காணோம்னு வர்றவங்களுக்கும் வாசல்ல இருக்குன்னு சட்டுனு சொல்லிடலாம். ரொம்ப அரிய புத்தகம்னா அட்டைய கலர் ஜெராக்ஸ் எடுத்து மாட்டுங்க. மேஜையில எடம் காலியாச்சுன்னா சந்தோஷப்படுங்க, உள்ள இருந்து இன்னொண்ண கொண்டாந்து வைங்க.

‘அருமையான நூல், அனைவரும் படிக்கவும்’

இந்த அட்டைய படிச்சுட்டு யாரும் புத்தகம் எடுத்து நான் பாத்ததில்ல. பின்னட்டையில இருக்கறத காப்பி பண்ணாலும் அதே கதிதான். யாருக்கு, எதுக்குன்னு எழுதுங்க. எங்ககூட வேலை பாத்த ஒரு அக்கா எழுதுன அட்டை இப்படி இருந்துச்சு: “128 பக்கம்தான். கிணறு வெட்டுற வேலைய பத்தி இவ்வளவு விவரமா நான் வேற எதுலயும் படிக்கல. நடுவுல ஒரு சாவு வரும், மனச தயார் பண்ணிக்கோங்க. பேச்சு வழக்கு முதல் பத்து பக்கம் கஷ்டமா இருக்கும், விட்டுடாதீங்க.” கஷ்டத்தையும் சேத்து சொன்னதாலதான் ஜனங்க அத நம்புனாங்க, புத்தகம் மேஜையில தங்கவே இல்ல.

பிறந்தநாளுக்கு மட்டும் டிஸ்ப்ளே

செப்டம்பர் 15 அண்ணா, டிசம்பர் 11 பாரதி, கண்டிப்பா வைக்கணும். ஆனா நாள் முடிஞ்சதும் எடுத்துடுங்க. வருஷத்துல மிச்ச நாளெல்லாம் ஊர பாத்து வைங்க. நடவு சமயத்துல விவசாயம், பிளஸ் டூ ரிசல்ட் வர்றப்ப என்ன படிக்கலாம்ங்கிற புத்தகங்க, இப்படி. குரூப் 4-க்கு படிக்கிற பசங்க காலையில இருந்து நம்மகிட்டதான் உக்காந்திருக்காங்க, அவங்களுக்குன்னு வாசல்லயும் கைடையே அடுக்காதீங்க. டீ குடிக்கப் போறப்ப நின்னு புரட்டுற மாதிரி ஒல்லியான சிறுகதைப் புத்தகம் வைங்க.

புத்தக அட்டையில செலோடேப்

வேண்டாம். பிரிக்கிறப்ப அட்டையும் சேந்து வரும்.

வெயில்

மேற்கு பாத்த வாசல்னா மேஜைய உள்ள தள்ளுங்க, சிவப்பு அட்டையெல்லாம் சீக்கிரம் வெளுத்துடும்.

புத்தகம் போயிடுச்சு, பரிந்துரை மட்டும் நிக்குது

அட்டைய எடுத்து புத்தகத்துக்குள்ளயே செருகி அனுப்புங்க.

பேர் போடாம விடுறது

கீழ யார் சொன்னதுன்னு எழுதுங்க, நூலகர் மட்டும்தான் எழுதணும்னும் இல்ல. கூட்ட வர்ற அக்கா, பேப்பர் படிக்க வர்ற ரிட்டயர்டு வாத்தியார், ஏழாவது படிக்கிற பொண்ணு, யார் வேணா எழுதட்டும். ஒருத்தர் சொன்னது பிடிச்சுப் போச்சுன்னா அடுத்த வாரம் வந்து அவர் இப்ப என்ன சொல்லியிருக்காருன்னு தேடுவாங்க. மேஜைய மாத்துறத மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் வெச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமைதான் பிள்ளைங்கள கூட்டிட்டு குடும்பமா வர்றாங்க.