பழைய கார் வாங்கும் முன் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

நெல்லைச் சீமையில் குடும்பத்துக்கென்று பழைய கார் பார்ப்பவர்கள் டயரையும் பெயிண்டையும் ஓடிய கிலோமீட்டரையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். அந்த வண்டிக்கு ரீகால் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் மிகவும் குறைவு. தயாரிப்பிலேயே நேர்ந்த பாதுகாப்புக் குறையை ஏற்றுக்கொண்டு, வண்டிகளைத் திரும்ப வரவழைத்து, நிறுவனமே தன் செலவில் சரிசெய்து தருவதுதான் ரீகால். அதற்கான அழைப்பு பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரிக்கும் தொலைபேசிக்குமே போகிறது என்பதால், சென்னையிலோ கோவையிலோ பதிவாகிப் பின்னர் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த வண்டியை வாங்குபவருக்கு அந்தச் செய்தி தானாக வந்து சேராது. இரண்டாம், மூன்றாம் உரிமையாளரும் அதே வேலையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ள முடியும். கேட்டுப் பெறும் பொறுப்பு மட்டும் அவர்களுடையதாகிவிடுகிறது.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆர்சியின் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள 17 இலக்கச் சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வருவதில்லை. அவைபோல் தோன்றினால் ஒன்று என்றோ சுழியம் என்றோ படியுங்கள். பெரிய நிறுவனங்களின் இணையதளங்களில் இந்த எண்ணை உள்ளிட்டு ரீகால் உண்டா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அத்துடன் நில்லாமல், அந்நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் எண்ணைக் கொடுத்து, எந்த ரீகால் பொருந்தும், எந்தத் தேதியில் முடிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் 'எல்லாம் பார்த்தாச்சு' என்பதை நான் ஒருபோதும் போதுமானதாகக் கொள்ள மாட்டேன்.

தயாரிப்புத் தேதி இங்கே மிக முக்கியம். 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் எரிபொருள் பம்பில் குறை இருக்கலாம் என்று 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை அழைத்தது. 2021 செப்டம்பரில், 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரான எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா உள்ளிட்ட 1,81,754 பெட்ரோல் வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் பகுதிக்காக அழைத்தது. மாற்றும் வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம் என்றும் அப்போது கேட்டுக்கொண்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரைபுரண்டதைப் பார்த்த நமக்கு இந்த எச்சரிக்கையின் கனம் விளங்கும். ரீகால் வேலை முடிந்த வண்டியேயானாலும், அது வெள்ளத்தில் மூழ்கியதா என்று அறிய, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா, இருக்கைக்குக் கீழுள்ள போல்ட்டுகள் துருவேறியுள்ளனவா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய ஹோண்டா சிட்டி, ஜாஸ், சிவிக் போன்றவற்றைப் பார்ப்பவர்கள் டகாட்டா என்ற நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளுக்கான ரீகாலை விசாரிக்காமல் வாங்கவே கூடாது. அந்த ஏர்பேக்கை விரிக்கும் அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விபத்து நேரத்தில் உலோக உறையையே வெடித்துச் சிதறடிக்கக்கூடும். அதை மாற்றாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்கோ குற்றாலத்துக்கோ புறப்படுவது தகாது.

ரீகாலாக அறிவிக்கப்படாத குறைகளும் உண்டு. அவற்றை அறிய, அதே மாடலை டாக்சியாக ஓட்டுபவர்களையும் நிறுவனம் சாராத மெக்கானிக்குகளையும் கேளுங்கள். ஏசி குளிரவில்லை, மைலேஜ் வரவில்லை என்பவற்றைவிட, ஒரே தயாரிப்பு ஆண்டைச் சேர்ந்த பல வண்டிகளில் பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள் கசிவு, ஓட்டத்தில் இன்ஜின் நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால் அதற்கே எடை கொடுக்க வேண்டும்.

வாங்கிய பிறகு அத்தகைய குறை தெரிந்தால், சர்வீஸ் சென்டரில் வண்டியின் குறைகளையும் செய்யும் வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டில் அதை உங்கள் சொற்களிலேயே எழுதச் செய்து நகல் வாங்குங்கள். 'பொதுச் சோதனை' என்று எழுதினால் ஏற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு ஒன்றிய அரசு உத்தரவிட முடியும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகள் ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு இதைப் பொருத்துகின்றன. அபராதம் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். போதிய எண்ணிக்கையில் உரிமையாளர்களின் புகார்கள் சேர்ந்தாலும் அந்த நடவடிக்கை தொடங்கலாம் என்பதால், உங்கள் ஒரு புகாரையும் பதிவு செய்யாமல் விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதானால், புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவோடு ஜாப் கார்டு நகல்களையும் இணைத்துக் கொடுக்க வேண்டும்.