செத்த பல்லு கறுத்துப் போச்சா, வாக்கிங் ப்ளீச் போடுறப்ப நான் பாக்குற விஷயங்க

வாக்கிங் ப்ளீச்னா, உள்ள நரம்பு செத்து ரூட் கனால் பண்ண பல்லுக்குள்ள வெளுக்கிற மருந்த வெச்சு மூடி, ஆள வீட்டுக்கு அனுப்பிட்டு, சில நாளுக்கு ஒரு தடவ மாத்துறது. நம்ம வேலூர் பக்கம் பொங்கல் முடிஞ்சதும் எருது விடுற சீசன்ல முன்பல்லுல அடிபட்டவன் அப்பவே வரமாட்டான், வாய் கொப்புளிச்சுட்டு போயிடுவான், அஞ்சாறு வருஷம் கழிச்சு பொண்ணு பாக்க போறப்பதான் "இன்னா டாக்டர், இந்த ஒண்ணு மட்டும் கறுப்பா கீது"ன்னு வந்து நிப்பான். அடிபட்டப்ப உள்ள கசிஞ்ச ரத்தம் டென்டின் (எனாமலுக்கு அடியில இருக்கிற அடுக்கு) குழாய்ங்களுக்குள்ள இறங்கி, அதுல இருக்கிற இரும்புதான் இப்படி கறையா நிக்குது. ரூட் கனால் பண்ணப்ப பல்ப் ஹார்ன்ல (பல்லு உள்ள இருக்கிற பொந்தோட மூலைல) மிச்சம் விட்ட சதை, சேம்பர்லயே (அந்த பொந்துலயே) விட்டுட்ட சீலர் பசை, இதுங்களும் கறுக்க வைக்கும். வெள்ளி அடைச்ச பல்லுல உலோகக் கறை ஏறியிருந்தா ப்ளீச்ச நம்பாதீங்க, மொதல்லயே சொல்லிடுங்க. போர் தண்ணி குடிச்சு எல்லா பல்லும் திட்டுத்திட்டா இருக்கே, அது வேற கதை.

எடுத்ததும் கிரவுனுக்கு, அதாவது மேல உறை மாட்டுறதுக்கு, பல்ல சீவாதீங்க. 1961-லயே ஸ்பாசர்ங்கறவரு சோடியம் பெர்போரேட்ங்கற வெளுக்கிற பொடிய வெறும் தண்ணில குழைச்சு பல்லுக்குள்ள வெச்சு காட்டிட்டாரு, 1963-ல நட்டிங்கும் போவும் தண்ணிக்கு பதிலா 30% ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தாங்க. எனக்கு தண்ணியே போதும். பெராக்சைடு கலந்தா வேகம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா ஈறுல பட்டா சுட்டு வெள்ளையாயிடும், அதுக்கு மேல சூடு வேற காட்டுனா வேரை வெளியில இருந்து அரிக்கிற ரிசார்ப்ஷன் ரிஸ்க் ஏறும். 1979-ல ஹாரிங்டன், நாட்கின் ரெண்டு பேரும் எழுதுனதுக்கப்புறம்தான் எல்லாரும் இதுக்கு பயப்பட ஆரம்பிச்சாங்க. சின்ன வயசுல அடிபட்ட பல்லுன்னா இன்னும் கவனம்.

மொதல்ல எக்ஸ்ரே. கனால் ஃபில்லிங் நுனி வரைக்கும் போயிருக்கா, நுனில புண்ணு இருக்கான்னு பாத்து, சரியில்லன்னா ரீட்ரீட்மென்ட் (மறுபடி ரூட் கனால்) முடிச்சுட்டுதான் ப்ளீச். அப்புறம் ஷேட் கைடோட (பல்லு நிறத்த ஒப்பிட்டு பாக்குற மாதிரி வரிசை) பல்லு ஈரமா இருக்கிறப்பவே போட்டோ, காஞ்சா ஷேட் வெளுத்து காட்டி நம்மளையே ஏமாத்தும்.

ரப்பர் டேம் (பல்ல மட்டும் தனியா வெளிய காட்டுற ரப்பர் ஷீட்டு) போட்டு, உள்ள போற ஆக்சஸ் ஓட்டைய திறந்து, பல்ப் ஹார்ன் மூலையெல்லாம் சுத்தமா எடுத்துட்டு, கட்டா பெர்ச்சாவ (கனால்ல அடைச்சிருக்கிற ரப்பர் மாதிரி பொருள்) சி.இ.ஜே.-ல (எனாமல் முடிஞ்சு வேர் ஆரம்பிக்கிற கோடு) இருந்து 2 மில்லிமீட்டர் வேர்ப்பக்கமா இறக்குங்க. இப்ப பேரியர், அதாவது மருந்து வேர்ப்பக்கம் போகாம தடுக்கிற அடைப்பு. என்னைக் கேட்டா மொத்த வேலையும் இதுலதான் இருக்கு, மருந்து வைக்கிறத யாரு வேணா வைக்கலாம். ஜி.ஐ.சி. (கிளாஸ் அயனோமர் சிமென்ட்) 2 மில்லிமீட்டர் கனத்துக்கு போடணும், நிறைய பேர் அத தரை மாதிரி மட்டமா போட்டுடறாங்க. சி.இ.ஜே. மட்டமாவா இருக்கு? பக்கத்து பல்லு ஓரமா மேடேறி, முன்னாடியும் பின்னாடியும் தாழ்ந்து வளைஞ்சு போகுது, மட்டமா போட்டா ரெண்டு ஓரத்துலயும் குழாய்ங்க திறந்தே கிடக்கும், மருந்து அது வழியா கசிஞ்சு வேர்ப்பக்கம் போயிடும். அதனால வெளியில ப்ரோப் (அளவு போட்ட கம்பி) வெச்சு மூணு இடத்துல, நடு, ரெண்டு ஓரம்னு, ஈறு ஒட்டியிருக்கிற மட்டத்த கடிக்கிற நுனில இருந்து அளந்துக்கிட்டு, உள்ள அதே வளைவுல பேரியர உருவாக்குங்க. அஞ்சு நிமிஷம் ஜாஸ்தி ஆகும், ஆகட்டும்.

பெர்போரேட்ட ஈர மணல் மாதிரி குழைக்கணும், தோசை மாவு பதத்துக்கு விட்டீங்கன்னா நிக்காது. சேம்பர்ல அமுக்கி வெச்சு, ஈரத்த பஞ்சுல ஒத்தி எடுத்துட்டு, மேல 2 மில்லிமீட்டருக்கு குறையாம டெம்பரரி ஃபில்லிங். ஓரமெல்லாம் துடைச்சு பாருங்க, ஒரு துணுக்கு மருந்து ஒட்டியிருந்தாலும் சீல் பிடிக்காது, ரெண்டு நாள்ல எகிறிடும். மூணுல இருந்து ஏழு நாளுக்கு ஒரு தடவ மாத்தணும், பெரும்பாலும் ரெண்டுல இருந்து நாலு தடவைக்குள்ள வேலை முடிஞ்சிடும், பக்கத்து பல்ல விட ஒரு பொட்டு தூக்கலாவே வெளுக்க விடுங்க, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

இங்க ஒரு விஷயம். நம்ம ஊர்ல கொல்கத்தால இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜ்ல தங்கியிருக்கிறவங்க, சும்மா இருக்கிற நேரத்துல பல்லையும் காட்டிடலாம்னு வருவாங்க. மருந்து வைக்கிறதுக்கு முன்னாடி "காட்பாடில ட்ரெயின் என்னிக்கு?"ன்னு கேட்டுடுங்க. டெம்பரரியோட ஊருக்கு போயிட்டா அப்புறம் யாரு மாத்துவா?

கடைசில நானே பட்டது ஒண்ணு. ஆரம்பத்துல ஒரு பையனுக்கு கல்யாண அவசரம்னு ப்ளீச் முடிஞ்ச ரெண்டாம் நாளே காம்போசிட் (பல்லு நிற ஃபில்லிங்) போட்டேன், ஒரு மாசத்துல கழண்டு கையில எடுத்துட்டு வந்தான், அவங்க அம்மா என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல. உள்ள தங்குற ஆக்சிஜன் காம்போசிட்ட ஒழுங்கா இறுக விடாது. மருந்த கழுவி எடுத்துட்டு கால்சியம் ஹைட்ராக்சைடு பேஸ்ட் வெச்சு ரெண்டு வாரம் விடுங்க, அப்புறம் பாண்டிங் நல்லா பிடிக்கும்.

அதோட விட்டுடாதீங்க, வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே வேணும். ரிசார்ப்ஷன் வந்தா வலிக்காது, வலிக்கலன்னா நம்ம ஆளு தானா வரமாட்டான், அதனால போன் நம்பர வாங்கி வெச்சுக்கிட்டு நாமளேதான் கூப்பிடணும்.