பிரைமர் அடிக்கும் முன்பே நேர்ந்துவிடும் தவறுகள்: 1/35 டைகர் டாங்கி

கட்டி முடித்து இன்னும் வண்ணம் காணாத டாங்கி மாதிரி ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்தால், மணல் நிறப் பிளாஸ்டிக்கும் மஞ்சள் பித்தளையும் இடுக்குகளை நிரப்பிய வெள்ளைப் பட்டியும் ஆங்காங்கே கலந்து, பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். அந்தப் பல நிறக் கலவைதான் கண்ணை ஏமாற்றுகிறது. இரண்டு பாகங்களுக்கு இடையே உள்ள மயிரிழை இடைவெளியையும், வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் விழுந்து, தேய்க்காமல் விட்ட அச்சுக்கோட்டையும் நிற வேறுபாடு என்று எண்ணிக் கண் கடந்துவிடுகிறது. மேலே பிரைமர் எனப்படும் அடிப்பூச்சின் ஒரே நிறம் ஏறிய நிமிடத்தில் அவையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுந்து நிற்கின்றன. வண்ணப்பூச்சு குறைகளை மூடிவிடும் என்ற நம்பிக்கையில் விட்டுவைத்தவற்றை அதே பூச்சு காட்டிக்கொடுப்பதைப் பார்த்த பிறகுதான், கட்டும் கட்டத்தில் கண்ணைவிட விரல்நுனியையும் பக்கவாட்டு வெளிச்சத்தையும் நம்ப வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. இங்கே நான் எடுத்துக்கொள்வது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பயன்படுத்திய டைகர் 1 டாங்கியின் 1/35 அளவு மாதிரி. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அதன் சக்கர வரிசையே கட்டுபவரின் பொறுமையைச் சோதித்துவிடும் என்பதால், தவறுகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தோன்றவில்லை.

முதல் தவறு கத்தியை எடுப்பதற்கு முன்பே நிகழ்கிறது. டைகர் 1 டாங்கி 1942 முதல் 1944 வரை ஏறத்தாழ 1,350 எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் உறுப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கும் 131 எண் கொண்ட வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் தளபதியின் பார்வைக் கூண்டு உயரமான உருளை வடிவில் இருக்கும். பின்புறத்தில் ஃபைஃபெல் எனப்படும் தூசி வடிகட்டிகள் இருக்கும். சக்கரங்களின் விளிம்பில் ரப்பர் இருக்கும். காந்தக் குண்டுகள் ஒட்டாதிருக்கப் பூசப்பட்ட ‘ஸிம்மரிட்’ என்ற வரிவரியான சாந்து அதில் கிடையாது, ஏனெனில் அந்தப் பூச்சு 1943 இலையுதிர்காலத்தை ஒட்டித்தான் தொழிற்சாலையில் தொடங்கியது. தாழ்வான வார்ப்புக் கூண்டு 1943 நடுவிலும், எஃகு விளிம்புச் சக்கரங்கள் 1944 தொடக்கத்திலும் வந்தன. கிட், அதாவது மாதிரியின் பாகத் தொகுப்பு, வரும் பெட்டிக்குள் இந்தப் பருவங்கள் பலவற்றுக்குமான பாகங்கள் அவற்றைத் தாங்கும் ஒரே பிளாஸ்டிக் சட்டகத்தில் இருப்பது வழக்கம். பாகம் மிச்சமாகிறதே என்ற சிக்கன உணர்வில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால், எந்தத் தொழிற்சாலையும் அனுப்பாத வண்டி ஒன்று உருவாகிவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வண்டியை, இயன்றால் ஒரு குறிப்பிட்ட போர்க்காலப் புகைப்படத்தைத் தேர்ந்துகொண்டு, பயன்படாத பாகங்களைக் கட்டத் தொடங்குமுன்பே குறிப்பேட்டில் சிவப்பு மையால் அடித்துவிடுவது நல்லது.

சட்டகத்திலிருந்து பாகத்தை வெட்டும்போது நிப்பர் எனும் வெட்டுக்குறட்டைப் பாகத்தோடு ஒட்டவைத்து ஒரே வெட்டில் எடுப்பது கைப்பழக்கமாகிவிடுகிறது. அப்படி வெட்டினால் பிளாஸ்டிக் நசுங்கி வெளுக்கும், சில வேளை ஒரு சிறு துண்டு பாகத்திலிருந்தே பிய்ந்து வந்து குழி விழும். முதலில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு, எஞ்சிய முளையைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்ப்பதுதான் முறை. அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடும் ஊசிகளின் வட்டத் தடங்களும் மறக்கப்படுபவை. மூடிகளின் உட்புறத்திலும் மட்கார்டுகளின் அடியிலும் அவை காசு பதித்ததுபோல் நிற்கும்.

பீரங்கிக் குழலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். எட்டு புள்ளி எட்டு சென்டிமீட்டர் பீரங்கியின் நீளம் அதன் வாய்விட்டத்தைப் போல் 56 மடங்கு. 1/35 அளவில் அது சுமார் 14 சென்டிமீட்டர். இடம் வலமாக இரண்டு பாதிகளாக வரும் குழலை ஒட்டியபின் இணைப்புக்கோட்டின் மேல் மட்டுமே உப்புத்தாளை ஓட்டினால், உருண்டை போய் அந்த இடம் தட்டையாகிவிடும். தாளைக் குழலைச் சுற்றி வளைத்து, காலணிக்குப் பாலிஷ் போடுவதுபோல் முழுச் சுற்றுக்கும் தேய்க்க வேண்டும். அதைவிடப் பரிதாபமானது, குழல்நுனியில் உள்ள பின்னுதைத் தடுப்பியைத் திருகலாக ஒட்டுவது. அதன் வாயுத் துளைகள் சரியாக இடமும் வலமும் பார்த்திருக்க வேண்டும். ஐந்து பாகை சாய்ந்தாலும் முன்னிருந்து பார்க்கும்போது வண்டியே கோணலாகத் தோன்றும்.

பசையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் அளவைச் சார்ந்தவை. பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் மெல்லிய திரவப் பசை, இடுக்கு கிடைத்தால் நீர்போல உள்ளே ஓடும் தன்மையுடையது. பாகங்களை விரலால் அழுத்திப் பிடித்தபடி தூரிகையை வைத்தால், அது இணைப்பில் ஓடுவதோடு விரலுக்கடியிலும் ஓடி, கைரேகையை மேற்பரப்பில் நிரந்தரமாகப் பதித்துவிடும். என்னுடைய பழைய மாதிரி ஒன்றின் பக்கத் தகட்டில் என் வலது பெருவிரல் இன்றும் இருக்கிறது. அடையாளச் சான்றுக்குக்கூடப் பயன்படும். அந்தப் பசை பித்தளையையும் ரெசின் எனும் வார்ப்புப் பிசினையும் பிடிக்காது. அவற்றுக்கு உடனடிப் பசை வேண்டும். உடனடிப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது, ஆகவே சென்னை போன்ற கடலோர ஊர்களில் அது எதிர்பார்ப்பதைவிட விரைவாகப் பிடித்துக்கொள்ளும். அதிகமாக வைத்தால் சுற்றிலும் வெண்புகை படிந்ததுபோல் பூத்துவிடும். துளியைப் பாகத்தில் நேராகச் சொட்டாமல், ஒரு பழைய தட்டில் விட்டு ஊசிமுனையால் தொட்டு வைக்க வேண்டும். இன்னொன்று: திரவப் பசையால் ஒட்டிய இணைப்பை அன்றே தேய்க்கக் கூடாது. உள்ளே கரைந்த பிளாஸ்டிக் முழுதும் காயும்போது சற்றுச் சுருங்கும். ஒரு நாளாவது காயவிடாமல் அவசரமாகத் தேய்த்துச் சமமாக்கிய கோடு, வண்ணம் பூசிய ஒரு வாரத்தில் மெல்லிய பள்ளமாக மீண்டும் தலைகாட்டும்.

டைகரின் அடிப்பகுதிதான் உண்மையான சோதனை. ரப்பர் விளிம்புச் சக்கரம் கொண்ட வண்டியில் பக்கத்துக்கு எட்டு அச்சுகள், அச்சுக்கு மூன்று சக்கரத் தகடுகள், ஆக ஒரு பக்கத்துக்கு 24. இவை ஒன்றின் இடையில் மற்றொன்று நுழைந்து நிற்பதால், உள்வரிசையில் ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் அந்தச் சாய்வு வெளிவரிசை வரை வந்து சேரும். முதல் டைகரைக் கட்டியபோது நான் சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஒவ்வோர் அச்சுக்கையையும் தனித்தனியாக ஒட்டிக் காயவிட்டு, மறுநாள் சக்கரங்களை மாட்டினேன்; மூன்றாவது சக்கரம் தரையைத் தொடவில்லை, ஆறாவது மட்டும் வண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொதிநீர் மாவைக் கிளறுவதுபோல் இதற்கும் பதம் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தின் எட்டுக் கைகளையும் ஒரே மூச்சில் ஒட்டி, பசை இளகலாக இருக்கும்போதே உள்வரிசைச் சக்கரங்களைப் பசையின்றி மாட்டி, வண்டியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, மேலே சிறு பாரம் ஏற்றி இரவு முழுதும் விட்டுவிட வேண்டும். மரமேசை நேராக இருப்பதாகத் தோன்றும், ஆனால் இருக்காது, கண்ணாடிதான் மட்டம். அடிப்பகுதியே பல தகடுகளாக வரும் கிட் என்றால், அதற்கும் முன்பு அந்தப் பெட்டி முறுக்கின்றி நிற்கிறதா என்று இதே கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையான தவறும் உண்டு. டைகரில் இருப்பது, முறுகும் தண்டே சுருள்வில்லின் வேலையைச் செய்யும் முறுக்குத் தண்டு வகைத் தாங்கமைப்பு. அதில் ஒவ்வொரு தண்டும் வண்டியின் குறுக்கே முழு அகலத்துக்கும் படுத்திருப்பதால், இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒரே இடத்தில் இருக்க இயலாது, அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. அதனால் இரு பக்க அச்சுகளும் நேருக்கு நேர் அமைவதில்லை. இதை அறியாமல், கிட் செய்தவர் தவறிவிட்டார் என்று கருதிச் ‘சரிசெய்ய’ முயன்று, நல்ல அடிப்பகுதியைப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையான டிராக்கில் பக்கத்துக்கு 96 கண்ணிகள். போருக்கான டிராக் 725 மில்லிமீட்டர் அகலம், இரயிலில் ஏற்றுவதற்கானது 520 மில்லிமீட்டர். நம் அளவில் ஏறத்தாழ 21 மற்றும் 15 மில்லிமீட்டர். குறுகிய டிராக்கை மாட்டும்போது வெளிப்புறச் சக்கரங்களைக் கழற்றிவிடுவார்கள் என்பதை மறந்து, இரண்டையும் சேர்த்துக் கட்டுவது அடிக்கடி காணும் பிழை. கண்ணிகளின் எடையால் மேல்வரிசை தொய்ந்து சக்கரங்களின் மேல் படிந்து கிடக்க வேண்டும். ரப்பர்ப் பட்டைபோல் விறைத்து நின்றால் இத்தனை டன் எஃகு என்ற உணர்வே வராது. கண்ணிகளை ஒட்டிய அரைமணி நேரத்துக்குள், அவை இன்னும் வளையும் நிலையில், சக்கரங்களின் மேல் போட்டு வடிவம் கொடுத்து, ஈரப் பஞ்சால் ஆங்காங்கே அழுத்தி விட வேண்டும். ஆனால் பற்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் உடலோடு ஒட்டிவிட்டு இதைச் செய்பவர், பின்னர் டிராக்கைக் கழற்றி வண்ணமடிக்க வழியின்றி நிற்பார். அவற்றைப் பசையின்றி மாட்டி, டிராக் இறுகியதும் சக்கரங்களோடு சேர்த்து ஒரே துண்டாக உருவிக்கொள்ள வேண்டும்.

பட்டி பார்ப்பதில் எதை நிரப்புவது, எதை விடுவது என்ற தெளிவு வேண்டும். டைகரின் உடல் உருட்டிய தகடுகளை ஒன்றோடொன்று கோத்து வெல்டிங் செய்தது. அந்தக் கோப்புகளும் வெல்டிங் புடைப்பும் வெளியே தெரிய வேண்டியவை. கிட்டில் அங்கே வெறும் இடைவெளி இருந்தால் அதை நிரப்பி மழுப்பாமல், தீயில் காட்டி இழுத்த சட்டக இழையைப் பதித்து, பசையால் இளக்கி, கத்திமுனையால் வரிசையாகக் கொத்தினால் வெல்டிங் கிடைக்கும். மாறாக, சுழல்கோபுரத்தின் பக்கங்களும் பின்புறமும் 80 மில்லிமீட்டர் தடிமனான ஒரே தகட்டைக் குதிரை இலாடம்போல் வளைத்துச் செய்தவை. அங்கே கிட்டின் இணைப்புக்கோடு எதுவும் தெரியக் கூடாது. வார்ப்பின் சொரசொரப்பு பீரங்கியைத் தாங்கும் முன்கவசத்துக்குத்தான் பொருந்தும். அந்தச் சொரசொரப்பை உண்டாக்கும் உத்தியைப் புதிதாகக் கற்றவர்கள் உற்சாகத்தில் வண்டி முழுவதையும் பலாப்பழத் தோலாக்கிவிடுகிறார்கள். உருட்டிய தகடு அப்படி இருக்காது. ஸிம்மரிட் உள்ள வண்டி என்றால் அதன் தடிமனையும் நினைவில் வைக்க வேண்டும்: அசலில் சில மில்லிமீட்டர், நம் அளவில் ஒரு தாளின் கனம்.

பித்தளைத் தகட்டுப் பாகங்கள் விலை கூடியவை என்பதால் எல்லாவற்றையும் பயன்படுத்திவிடும் ஆசை வருகிறது. அவை உண்மையிலேயே தேவைப்படும் இடம், பிளாஸ்டிக்கால் மெலிய முடியாத தகடுகள். பான்ஸர் 4 என்ற மற்றொரு ஜெர்மானிய டாங்கியின் பக்கத் தடுப்புத் தகடு அசலில் 5 மில்லிமீட்டர். 1/35 அளவில் அது 0.14 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் வந்தால் அது 35 மில்லிமீட்டர் கவசத்துக்குச் சமம். டைகரின் மட்கார்டுகளுக்கும் எஞ்சின் மேலுள்ள கம்பிவலைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆனால் கருவிகளின் கைப்பிடி போன்ற உருண்டையான பொருளைத் தட்டைப் பித்தளையால் மாற்றுவது பின்னடைவே. வளைக்க வேண்டிய பித்தளையை முதலில் மெழுகுவத்திச் சுடரிலோ கேஸ் அடுப்பிலோ காட்டி ஆறவிட்டால் விறைப்புத் தணியும். நகைப்பட்டறையில் செய்யும் அதே வேலைதான். அங்கிருந்து கற்க இன்னும் இரண்டு உண்டு: ஒன்று நல்ல சாமணம், மற்றொன்று மேசைவிளிம்பிலிருந்து மடிவரை தொங்கும் துணி. சாமணத்திலிருந்து தெறித்த இரண்டு மில்லிமீட்டர்க் கொக்கி, மின்விசிறி சுழலும் அறையில், தரையில் தேடிக் கிடைத்ததாக நான் அறிந்ததில்லை.

எதை ஒட்டாமல் விடுவது என்பதில் என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. கம்பி வடம், மண்வெட்டி, கோடரி ஆகியவற்றை ஒட்டியபின் அவற்றின் பின்புறத்துக்குத் தூரிகை போகாது. ஆயினும் அவற்றைத் தனியாக வண்ணமடித்துக் கடைசியில் ஒட்டினால், பசை வைத்த இடம் பளபளக்கும். நான் கருவிகளை ஒட்டிவிடுகிறேன். சக்கரம், டிராக், கோபுரம் ஆகிய மூன்றை மட்டும் கழற்றும் நிலையில் வைக்கிறேன். மூடிகளைத் திறந்துவைக்க விரும்புபவர் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்: உள்ளமைப்பு இல்லாத கிட்டில் திறந்த மூடி, வெற்றுப் பெட்டியைத்தான் காட்டும். மோட்டாரில் ஓடிய காலத்துப் பழைய கிட்டுகளில் அடித்தளத்தில் சுவிட்சுத் துளைகளும், டிராக்குக்கு மேலே மூடப்படாத இடைவெளியும் இருக்கும். பிளாஸ்டிக் தகட்டால் அவற்றை அடைக்கும் வேலையை, மேல்பகுதியை ஒட்டுமுன்பே செய்துவிட வேண்டும்; பிறகு கை நுழையாது.

கடைசியாகக் கழுவுதல். வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெயும், வாரக்கணக்கில் தொட்ட விரல்களின் பிசுபிசுப்பும், தேய்த்த தூளும் மேற்பரப்பில் இருக்கும்வரை பிரைமர் சரியாகப் பிடிக்காது. பாத்திரம் கழுவும் திரவத்தை இளஞ்சூட்டு நீரில் சில துளிகள் கலந்து மென்மையான பல்துலக்கியால் தேய்க்கலாம். கழுவுமுன் தொட்டியின் துளையில் வடிகட்டி போட மறக்கக் கூடாது. ரெசின் பாகங்களை ஒட்டுமுன்பே தனியாகக் கழுவியிருக்க வேண்டும். அவற்றைத் தேய்க்கும்போது தாளை நனைத்துக்கொள்வதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உலர்ந்தபின் அறைவிளக்கை அணைத்து, கைவிளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்து வண்டியை மெல்லச் சுற்றிப் பார்த்தால், பகல் வெளிச்சத்தில் தப்பிய கோடுகள் நிழலோடு எழும். அவற்றையும் சரிசெய்தபின், சாம்பல்நிறப் பிரைமரை மெல்லிய ஒரே பூச்சாக அடித்து, அதில் தெரியும் ஊசிமுனைக் குழிகளைப் பென்சிலால் வட்டமிட்டு, மீண்டும் பட்டி, மீண்டும் உப்புத்தாள். எனக்கு இது மூன்று சுற்றுக்குக் குறைந்து முடிந்ததில்லை.